நன்றாகப் பாடினாள், ஏன் வெளியேறினாள்?

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை இரவு பதினொன்றரை மணிக்கு என் கைப்பேசி ஒலித்தது. அழைத்தவர் என்னிடம் பாட்டுக் கற்கும் பெண் ஒருத்தியின் அம்மா. தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி ஒன்றில் அவருடைய மகள் ஐந்து சுற்றுகளைத் தாண்டியிருந்தாள். அன்றிரவு வெளியேறிவிட்டாள். "டீச்சர், சுருதி விலகிவிட்டதா? தாளம் தப்பிவிட்டதா? எங்கே பிழை என்று நீங்களாவது சொல்லுங்கள்" என்று கேட்டார். குரல் உடைந்திருந்தது.

கோலாலம்பூர் செந்தூலில் என் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து அந்த நிகழ்ச்சியை முதல் நிமிடத்திலிருந்து பார்த்திருந்தேன். சுருதி விலகவில்லை, தாளமும் தப்பவில்லை. அன்று பாடிய ஆறு பேரில் அவள்தான் முதல் என்று நான் சொன்னால், ஆசிரியையின் பாசம் என்று நீங்கள் ஒதுக்கிவிடலாம். முதல் இரண்டு பேரில் ஒருத்தி என்பதை இசை தெரிந்த எவரும் மறுக்க மாட்டார்கள். "பிழை ஒன்றுமில்லை அம்மா" என்றேன். அந்தப் பதில் அவரை இன்னும் அழவைத்தது. பிழை இருந்திருந்தால் திருத்திக்கொள்ளலாம். பிழையே இல்லாமல் தோற்றால் எதைத் திருத்துவது?

அன்று சொல்ல முடியாத மீதிப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். இசை இலக்கணம் தெரியாதவர்களும் படிக்கலாம். பிள்ளைகளை இத்தகைய போட்டிகளுக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர் படித்தால் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

நம் தமிழ்ப்பள்ளிப் பாட்டுப் போட்டிகளில் நீதிபதிகள் கையில் ஒரு தாள் இருக்கும். சுருதி, தாளம், உச்சரிப்பு, பாவம் (உணர்ச்சி வெளிப்பாடு) என்று தனித்தனிக் கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் எழுதிக் கூட்டுவார்கள். அதிலும் குறைகள் உண்டு. ஆனாலும் எதை அளக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மக்கள் வாக்களிக்கும் தொலைக்காட்சிப் போட்டியில் அந்தத் தாளே கிடையாது. அங்கே எண்ணப்படுவது, எத்தனை பேர் எழுந்து கைப்பேசியைத் தேடி எடுத்தார்கள் என்பதைத்தான்.

ஒரு பாட்டை ரசிப்பது வேறு, அதற்கு வாக்களிப்பது வேறு. ரசிப்பதற்கு நாற்காலியில் சாய்ந்திருந்தால் போதும். வாக்களிக்க ஒரு வேலை செய்தாக வேண்டும். சில போட்டிகளில் அதற்குக் காசும் போகும். ஒருவர் எப்போது அந்த வேலையைச் செய்கிறார்? "நான் போடாவிட்டால் இந்தப் பிள்ளை தோற்றுவிடுமே" என்ற பதைப்பு வரும்போது. வாரந்தோறும் சிறப்பாகப் பாடும் ஒருத்தியைப் பார்த்து யாருக்கும் அந்தப் பதைப்பு வராது. "அவளுக்கென்ன, எப்படியும் தேறிவிடுவாள்" என்று சொல்லிவிட்டு, தடுமாறிய இன்னொரு பிள்ளைக்கு வாக்கைப் போடுவார்கள். எங்கள் வீட்டிலேயே இது நடந்திருக்கிறது. என் மாமியார் ஒரு பருவம் முழுக்க ஒரு பாடகியைப் புகழ்ந்துகொண்டே இருந்தார். வாக்கு மட்டும் ஒரு முறைகூட அவளுக்குப் போடவில்லை.

ஒருவரே பல முறை வாக்களிக்க அனுமதிக்கும் போட்டிகளில் கணக்கு இன்னும் மாறிவிடும். 1,000 பேர் ஆளுக்கு ஒரு வாக்குப் போட்டால் 1,000. வெறும் 50 பேர் ஆளுக்கு 30 வாக்குப் போட்டால் 1,500. பரவலாக எல்லோருக்கும் பிடித்த குரலை, சிலர் உயிரைக் கொடுத்து நேசிக்கும் குரல் இப்படித்தான் முந்திவிடுகிறது. இதில் மோசடி எதுவுமில்லை. அந்தப் போட்டி அளப்பது அன்பின் ஆழத்தை. திறமையின் உயரத்தை அளக்க அதனிடம் கருவி கிடையாது.

சரி, திறமைக்கு இடமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, நிறைய இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் வாசலிலேயே தன் வேலையை முடித்துவிடுகிறது. பினாங்கு பாலேக் பூலாவில் டுரியான் பருவத்தில் பழம் வாங்கியவர்களுக்கு இது எளிதாகப் புரியும். வியாபாரி புழு விழுந்ததையும் காய்வெட்டானதையும் முதலிலேயே கழித்துவிடுவார். மிஞ்சியவை அத்தனையும் நல்ல பழங்கள். அவற்றில் எது முதல்தரம் என்று இரண்டு பேரைக் கேட்டால் இரண்டு பதில் வரும். ஒருவருக்குக் கசப்பு பிடிக்கும், இன்னொருவருக்கு இனிப்பு. மூன்றாமவர் வியாபாரியின் பேச்சை நம்பி வாங்கிப் போவார். பாட்டுப் போட்டியும் அப்படித்தான். ஆயிரக்கணக்கானோர் தேர்வுக்கு வந்து, நீதிபதிகளை நாம் திரையில் பார்ப்பதற்கு முன்பே பல சுற்றுகளில் சலிக்கப்பட்டு, கடைசியில் பத்துப் பன்னிரண்டு பேர் மேடைக்கு வருகிறார்கள். அவர்களுக்குள் திறமையில் இருக்கும் இடைவெளி மிகச் சிறியது. அவ்வளவு சிறிய இடைவெளியால் முடிவைத் தூக்கி நிறுத்த முடியாது. மற்றக் காரணங்கள் உள்ளே நுழைந்துவிடுகின்றன.

2003-ஆம் ஆண்டு அமெரிக்கன் ஐடல் என்ற தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்றில் ஏறத்தாழ 2 கோடியே 40 லட்சம் வாக்குகள் விழுந்தன. ரூபன் ஸ்டட்டர்ட் கிளே ஐக்கனை வென்றது ஏறத்தாழ 1,34,000 வாக்குகளில். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, அரை விழுக்காட்டுக்குச் சற்று மேல். அந்த அரை விழுக்காடு குரல்வளத்தால் வந்தது என்று யாரால் சொல்ல முடியும்? அன்று மழை பெய்த ஊர்கள், தொலைபேசி இணைப்புக் கிடைக்காமல் சலித்துப்போனவர்கள் என்று எதுவும் அந்த இடைவெளியை உண்டாக்கியிருக்கலாம்.

இதை ஆய்வாளர்கள் மூவர் மிக அழகாகச் சோதித்துக் காட்டினார்கள். சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ் ஆகியோர் 2006-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு அது. யாருக்கும் அறிமுகமில்லாத குழுக்களின் 48 பாடல்களை ஓர் இணையத்தளத்தில் வைத்தார்கள். 14,341 பேர் கேட்டு, பிடித்ததைப் பதிவிறக்கிக்கொண்டார்கள். ஒரு பிரிவினருக்கு மற்றவர்கள் எதை விரும்பினார்கள் என்று காட்டவில்லை. மற்றவர்களை ஒன்றோடொன்று தொடர்பில்லாத எட்டு உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தில் ஒவ்வொரு பாட்டும் எத்தனை முறை பதிவிறக்கப்பட்டது என்று காட்டினார்கள். அதே 48 பாடல்கள். ஆனால் எட்டு உலகங்களிலும் வெற்றி பெற்ற பாட்டு ஒன்றாக இருக்கவில்லை. தனித்துக் கேட்டவர்கள் 26-ஆம் இடம் கொடுத்த ஒரு பாட்டு, ஓர் உலகத்தில் முதலிடத்துக்கு வந்தது, இன்னோர் உலகத்தில் 40-ஆம் இடத்துக்குப் போனது. மிக நல்ல பாடல்கள் அரிதாகவே அடியோடு தோற்றன, மிக மோசமானவை அரிதாகவே வென்றன. நடுவிலிருந்தவற்றுக்கு எதுவும் நடக்கலாம் என்ற நிலை. முதலில் கிடைத்த சிறு முன்னிலையே அடுத்தவரை இழுக்கிறது; அவர் இன்னொருவரை இழுக்கிறார். என் மாணவியின் அம்மாவுக்கு இந்த ஆய்வை அன்றே சொல்லியிருக்க வேண்டும். அந்தப் போட்டியை எட்டு முறை நடத்தியிருந்தால், சில முறை அவருடைய மகள் கோப்பையைத் தூக்கியிருப்பாள்.

அவள் வெளியேறியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. இதை நான் அன்றிரவே கணித்திருக்க வேண்டும். மேடையில் இருந்த ஆறு பேரில் மூன்று பேர் ஒரே வகை. மூவரும் பெண்கள், மூவரும் மெல்லிசை, மூவருக்கும் கர்நாடக சங்கீதப் பயிற்சி. ஒருவகைப் பாட்டை விரும்புகிறவர்கள் மூன்று பேருக்குப் பிரித்துப் போட்டால் என்னவாகும்? சிறு கணக்கைப் பாருங்கள். 100 பேர் ஆளுக்கு ஒரு வாக்குப் போடுகிறார்கள். அவர்களில் 64 பேருக்கு மெல்லிசைதான் பிடிக்கும். அந்த 64 வாக்குகள் 24, 21, 19 என்று மூன்று பாடகிகளுக்குப் பிரிகின்றன. குத்துப்பாட்டுப் பாடும் ஒரே பையனுக்கு மீதி 36 வாக்குகளும் சிந்தாமல் சிதறாமல் விழுகின்றன. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மக்கள் மெல்லிசையை விரும்பிய அவையில் மெல்லிசை தோற்றுப்போகிறது.

இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டாக 2004 ஏப்ரலில் அமெரிக்கன் ஐடல் மேடையில் நடந்ததைச் சொல்லலாம். அந்த வாரம் மிகக் குறைந்த வாக்குப் பெற்றவர்களாக மூவர் நிறுத்தப்பட்டார்கள்: ஃபான்டேசியா பாரினோ, லா டோயா லண்டன், ஜெனிஃபர் ஹட்சன். மூவரும் கறுப்பினப் பெண்கள், மூவருக்கும் மண்டபத்தை நிறைக்கும் கனத்த குரல். அந்தப் பருவத்தின் வலுவான குரல்கள் மூன்றும் ஒரே நாளில் அடிவரிசையில் நின்றதைப் பார்த்து அமெரிக்காவே கொதித்தது. இனப் பாகுபாடுதான் காரணம் என்று சொன்னவர்கள் உண்டு, அதை எளிதில் தள்ளிவிடவும் முடியாது. ஒரே வகை ரசிகர்களின் வாக்கு மூன்றாகப் பிரிந்ததும் அதில் சேர்ந்திருக்கலாம் என்பது என் கருத்து. ஹட்சன் 7-ஆம் இடத்தோடு வீடு திரும்பினார். அதே அடிவரிசையில் நின்ற ஃபான்டேசியா அடுத்த மாதம் பட்டத்தையே வென்றார். 2007-இல் ஹட்சனின் கையில் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கார் விருது இருந்தது.

இனி, வாக்கு எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். நம் மலேசியாவில் 2005-இல் அகாடமி ஃபான்டேசியா என்ற பாட்டுப் போட்டியின் மூன்றாம் பருவம் நடந்தபோது கோலாலம்பூரில் இருந்தவர்களுக்கு அந்தக் காய்ச்சல் நினைவிருக்கும். பஸ்ஸில், மாமாக் கடையில், அலுவலகத்தில் எங்கும் ஒரே பெயர், மாவி. ஜொகூரில் ஃபெல்டா தாயிப் அண்டாக் குடியேற்றத்தில் வளர்ந்தவர். நஷீத் என்னும் இஸ்லாமியப் பக்திப் பாட்டுப் பாடிப் பழகிய குரல். அவருடைய வெற்றியை விளக்க வேண்டுமானால் குரலைப் பற்றி மட்டும் பேசினால் போதாது, அவர் வந்த மண்ணைப் பற்றியும் பேச வேண்டும். நிலக் குடியேற்றத் திட்டத்தில் வளர்ந்த ஆயிரமாயிரம் குடும்பங்கள் தங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவனை முதல் முறையாகப் பெரிய மேடையில் பார்த்தன. அந்தக் குடும்பங்கள் அனுப்பிய ஒவ்வொரு குறுஞ்செய்தியிலும் "இவன் எங்களவன்" என்ற பெருமை இருந்திருக்கும். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான்; தோட்டத்துப் பிள்ளை ஒன்று அந்த மேடையில் நின்றிருந்தால் என் வீட்டிலும் கைப்பேசி ஓய்ந்திருக்காது.

தமிழ்நாட்டில் 2018-இல் சூப்பர் சிங்கர் பட்டத்தை நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ் வென்றபோது இங்கேயும் அதே விவாதம் எழுந்தது. ஆஸ்ட்ரோ தொலைக்காட்சியில் அதைப் பார்த்துவிட்டு என் வகுப்புக்கு வந்த பெற்றோர் இரண்டு கட்சியானார்கள். சாஸ்திரியப் பயிற்சி பெற்ற குரல் தோற்கலாமா என்று ஒரு கட்சி. நம் பாட்டி பாடிய பாட்டுக்கு இப்போதாவது மேடை கிடைத்ததே என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சியில் இருந்தேன். தெம்மாங்குக்கு வேண்டிய தொண்டையும் மூச்சும் எளிதில் வருவதில்லை. அதற்கும் ஆண்டுக்கணக்கில் உழைப்பு வேண்டும். எது திறமை என்பதிலேயே மக்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை என்பதை அந்த விவாதம் எனக்குக் காட்டியது.

இந்த இடத்தில் ஜேக்லின் விக்டரைப் பற்றிச் சொல்லாமல் போனால் நான் நேர்மையாக எழுதவில்லை என்று பொருள். 2004-இல் முதலாம் மலேசியன் ஐடல் பட்டத்தை வென்றவர் அவர், கோலாலம்பூர்ப் பெண், இந்திய வம்சாவளி. இந்நாட்டுக் குடிமக்களில் இந்தியர் ஏறத்தாழ 7 விழுக்காடுதான். நம்மவர்கள் அத்தனை பேரும் வாக்களித்திருந்தாலும் அந்தப் போட்டியை வெல்வது அரிது. மலாய்க்காரரும் சீனரும் அவருக்காகக் கைப்பேசியை எடுத்தார்கள். "எங்களவர்" என்ற வேலியைத் தாண்டிப் பாய்ந்த குரல் அது. அந்த மேடைக்கு வருவதற்கு முன்பே அவர் பல ஆண்டுகள் ஹோட்டல்களிலும் இசைக்கூடங்களிலும் பாடிப் பண்பட்டிருந்தார். திறமையின் இடைவெளி போதிய அளவு பெரிதாக இருந்தால் மற்றக் காரணங்களை அது மூழ்கடித்துவிடும் என்பதற்கு அவரைத்தான் என் மாணவர்களிடம் காட்டுவேன். அப்படிப்பட்ட இடைவெளி எல்லாப் பருவத்திலும் வாய்ப்பதில்லை, அவ்வளவுதான்.

எனக்கு நன்கு தெரிந்த விஷயத்துக்கு வருகிறேன். பாட்டைத் தேர்ந்தெடுப்பது. பெற்றோர் பலர் கடினமான பாட்டைப் பாடினால் அதிக மதிப்புக் கிடைக்கும் என்று நினைக்கிறார்கள். கேட்பவருக்கு அந்தக் கடினம் தெரிந்தால்தானே மதிப்பு? உச்சஸ்தாயியில் நீட்டிப் பிடித்த ஒரு சுரம் எல்லோருக்கும் தெரியும், கைத்தட்டல் வரும். மெல்ல வழுக்கி இறங்கும் ஒரு கமகத்துக்காக ஆறு மாதம் உழைத்திருந்தாலும், பயிற்சியில்லாத காதுக்கு அது வெறும் காற்றுபோலக் கடந்துபோகும்.

அடுத்தது கட்டை. பாட்டுப் பாடாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பாடகர் எந்த உயரத்தில் ஆதார சட்ஜத்தை, அதாவது அடிப்படைச் சுரமான 'ஸ'வை, வைத்துக்கொள்கிறார் என்பதைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். பெண்கள் பலருக்கு ஐந்து, ஐந்தரைக் கட்டை இதமாக இருக்கும். ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரை. ஒருவருக்கு எந்தக் கட்டை பொருந்தும் என்பதை அவர் தொண்டைதான் சொல்லும். திரைப்பாட்டு, அதை முதலில் பாடியவரின் தொண்டைக்கு ஏற்ற கட்டையில் பதிவானது. போட்டிக்கு வரும் பிள்ளை அதே கட்டையில்தான் பாட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், அரைக் கட்டை வித்தியாசத்தில் உச்சியில் குரல் கீச்சிடும், அல்லது அடியில் காற்றாகப் போய்விடும். கைதேர்ந்த குழுவினர் மேடையில் வாசித்தால் கட்டையை மாற்றிக்கொள்ளலாம். பதிவுசெய்த பின்னணி இசையென்றால் முன்கூட்டியே கேட்டு மாற்றிவாங்க வேண்டும். அதைக் கேட்க வேண்டும் என்று தெரியாத பிள்ளைகள் எத்தனையோ பேர்.

பாட்டின் நீளமும் சுருங்கிவிடுகிறது. நான்கரை நிமிடப் பாட்டு மேடையில் இரண்டு நிமிடமாகும். பல்லவி, ஒரு சரணம், முடிந்தது. இரண்டாம் சரணத்தில்தான் அந்தப் பாட்டின் உயிரான சங்கதி (மெட்டை நுணுக்கமாக மாற்றிப் பாடும் இடம்) இருக்கிறதென்றால், அதைப் பாடும் வாய்ப்பே கிடைக்காது. என் மாணவி அன்று பாடிய பாட்டு அப்படிப்பட்டது. மந்தர ஸ்தாயியில் தவழ்ந்து தவழ்ந்து வந்து, கடைசியில் மலரும் மெட்டு. மலர்வதற்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். போதாததற்கு, தாழ்ந்த சுரங்களில் எந்தக் குரலுக்கும் ஓசை குறைவு. மண்டபத்தில் பெரிய ஒலிபெருக்கியில் கேட்டவர்கள் உருகியிருக்கலாம். வீட்டில் சிறு தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் கேட்டவர்களுக்கு வாத்தியங்களுக்கு அடியில் அவள் குரல் அமுங்கிப்போயிருந்தது. மண்டபத்தில் கேட்கும் ஒலியும் ஒளிபரப்பில் போகும் ஒலியும் தனித்தனியே கலக்கப்படுபவை. "கூட்டம் எழுந்து நின்று கைத்தட்டியதே டீச்சர்" என்று அந்த அம்மா சொன்னது உண்மை. வாக்களித்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை.

பதிவுசெய்து பிறகு ஒளிபரப்பும் சுற்றுகளில் சுருதியைக் கணினியால் திருத்துவதும் நடந்திருக்கிறது. பிரிட்டனின் தி எக்ஸ் ஃபேக்டர் பாட்டுப் போட்டி நிகழ்ச்சியில் 2010-ஆம் ஆண்டுத் தேர்வுச் சுற்றுக் குரல்கள் அப்படித் திருத்தப்பட்டதைத் தயாரிப்பாளர்களே ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

அன்று அவள் இரண்டாவதாகப் பாடினாள். இதுவும் சிறிய விஷயமில்லை. பிரஸ்ஸல்ஸ் நகரில் நடக்கும் குவீன் எலிசபெத் இசைப் போட்டி உலகின் மிகக் கடினமான சாஸ்திரியப் போட்டிகளில் ஒன்று. அதன் பியானோ, வயலின் போட்டிகளின் இறுதிச் சுற்றில் 12 பேர், நாளுக்கு இருவராக ஆறு நாட்கள் வாசிப்பார்கள். யார் எந்த நாள் என்பது சீட்டுக் குலுக்கலில் முடிவாகும். ஆகவே எல்லா நாட்களிலும் நல்லவர்கள் சமமாகப் பரவியிருக்க வேண்டும். ஃப்ளோரெஸ், கின்ஸ்பர்க் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் பல ஆண்டு முடிவுகளை எடுத்துப் பார்த்தபோது, முதல் நாள் வாசித்தவர்கள் முன்னணி இடங்களைப் பிடிப்பது குறைவாக இருந்தது. அங்கே நீதிபதிகள் உலகப் புகழ்பெற்ற இசைக் கலைஞர்கள். அவர்களுக்கே அப்படியென்றால், நடுவே எழுந்துபோய் ரொட்டி சானாய் வாங்கிவந்து மீண்டும் உட்காரும் நமக்கு, முதல் இரண்டு பேரின் பாட்டு கடைசிவரை நினைவில் நிற்குமா? தயாரிப்பாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். யாரைக் கடைசியில் பாடவைப்பது என்பதைப் பல நிகழ்ச்சிகளில் அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள்.

கண் செய்யும் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சியா-ஜங் சே என்ற ஆய்வாளர் 2013-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். அவரே பியானோ கலைஞர். சாஸ்திரிய இசைப் போட்டிகளின் இறுதிச் சுற்றில் வாசித்த மூவரின் சில வினாடிப் பதிவுகளைக் கொடுத்து, யார் வென்றிருப்பார் என்று கேட்டார். சிலருக்கு ஒலி மட்டும், சிலருக்கு ஒலியும் காட்சியும், சிலருக்கு ஒலியே இல்லாத காட்சி. மூன்றில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே 33 விழுக்காடு சரியாக வரும். ஒலி இல்லாத காட்சியைப் பார்த்தவர்கள் ஏறத்தாழ பாதி முறை சரியாகச் சொன்னார்கள். ஒலியை மட்டும் கேட்டவர்களால் அந்தக் குருட்டு வாய்ப்பைக்கூடத் தாண்ட முடியவில்லை. இசையையே தொழிலாகக் கொண்டவர்களும் அப்படியே. இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு இரண்டு நாள் மனம் ஆறவில்லை. இருபது ஆண்டுகளாகக் காதைத் தீட்டச் சொல்லிக் கற்பித்தவளுக்கு வேறு எப்படி இருக்கும்?

தொலைக்காட்சியில் கண்ணுக்குக் கிடைப்பது பாடும் முகம் மட்டுமில்லை. பாட்டுக்கு முன் ஒரு சிறு காட்சி வரும்: வீடு, அம்மாவின் சமையலறை, அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிள், கண்ணீர். அதைப் பார்த்துவிட்டுப் பாட்டைக் கேட்கிறவர் வேறு மனிதராகிவிடுகிறார். கதை பிடித்துவிட்டால் பாட்டின் சிறு குறைகூட உருக்கமாகத் தோன்றும். என் மாணவியின் வீட்டில் காட்டத்தக்க துயரம் எதுவுமில்லை. அப்பாவுக்கு வேலை இருக்கிறது, எல்லோரும் நலம். அவளைப் பற்றிய காட்சி சில வினாடிகளில் முடிந்துவிட்டது. இதில் எனக்குக் கோபம் உண்டு. கதை இல்லாத பிள்ளைக்கு இழைக்கப்படும் அநீதி ஒரு பக்கம். கதை இருக்கும் பிள்ளையைக் கூட்டத்தின் நடுவே நிறுத்தி, செத்துப்போன தந்தையைப் பற்றிக் கேட்டு அழவைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு பாடச் சொல்வது அதைவிடப் பெரிய அநீதி. அழுத தொண்டை இறுகிப்போகும். அடுத்த ஐந்து நிமிடத்துக்குச் சுருதி நிற்காது. ஒரு பாட்டு ஆசிரியையாக அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

போட்டி முடிந்த பிறகு நடப்பது தனிக் கதை. 2010-இல் தி எக்ஸ் ஃபேக்டரில் மூன்றாம் இடத்தோடு நின்ற ஐந்து பையன்கள்தான் பிறகு உலகப் புகழ் பெற்ற பாட்டுக் குழுவான ஒன் டைரக்‌ஷன். புகழ்பெற்ற பாடகி சூசன் பாயிலும் 2009-இல் பிரிட்டன்ஸ் காட் டேலண்ட் நிகழ்ச்சியில் இரண்டாம் இடம்தான். வென்றது ஒரு நடனக் குழு. ஒரு சனிக்கிழமை இரவு வாக்களிப்பவர்களும், கடைக்குப் போய் இசைத்தட்டு வாங்குபவர்களும் வெவ்வேறு மனிதர்கள். இதை அந்த அம்மாவிடம் பிறகு ஒரு நாள் சொன்னேன். ஆறுதலாகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

அந்தப் பெண் பாட்டை விடவில்லை. இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். விடுமுறைக்கு வரும்போது சின்னப் பிள்ளைகளுக்குத் தொடக்கப் பாடமான சுர வரிசை சொல்லிக்கொடுக்க எனக்கு உதவுகிறாள். சென்ற பள்ளி விடுமுறையில் அவளை வைத்துக்கொண்டு வகுப்பில் ஒரு பயிற்சி செய்தேன். பழைய போட்டியொன்றின் ஆறு பாடகர்களின் பதிவுகளை எடுத்துக்கொண்டேன், பிள்ளைகள் அதற்குமுன் பார்த்திராதவை. முதலில் திரையை மூடி ஒலியை மட்டும் கேட்கவைத்து, முதலிடம் முதல் ஆறாமிடம் வரை எழுதச் சொன்னேன். தாளை வாங்கிக்கொண்டு, வரிசையை மாற்றி, ஒலி இல்லாமல் காட்சியை மட்டும் காட்டினேன். மீண்டும் எழுதினார்கள். மூன்றாம் முறை ஒலியும் காட்சியும் சேர்த்து.

ஏழு பிள்ளைகளின் 21 தாள்களைத் தரையில் பரப்பினோம். ஒரே பிள்ளை எழுதிய மூன்று தாள்களிலும் முதலிடம் மாறாமல் இருந்தது இருவருக்கு மட்டும். ஒன்பது வயதுப் பையன் ஒருவன், தான் ஒலியில் கடைசி இடம் கொடுத்தவருக்குக் காட்சியில் முதலிடம் கொடுத்திருந்ததைப் பார்த்துவிட்டு, யாரோ தன் தாளை மாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்கு வந்தான். என் மாணவி தானும் எழுதியிருந்த மூன்று தாள்களை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தபடி இருந்தாள். பிறகு நிமிர்ந்து, "டீச்சர், ஒலியை மட்டும் இன்னொரு முறை போடுங்கள்" என்றாள்.